பதினொரு மணிக் கூட்டம்

பறவைகளுக்கு ஓட்டுரிமை கிடைத்த அன்று நாரைவயலில் எல்லோருக்கும் எலுமிச்சை சாதம் கொடுத்தார்கள். பறவைகளுக்குக் கொடுக்கவில்லை. அவை கேட்கவில்லை என்று அறிக்கையில் ஒரு வரி இருந்தது.

அந்த அறிக்கையில் ஊராட்சித் தலைவி அழகுநாச்சியின் படம் முழுப்பக்கத்துக்கு வந்திருந்தது. பி.காம். படித்தவள், சொந்தமாக உரக்கடை நடத்துகிறவள், கணவன் சேதுராசுவைத் தனக்குப் பதிலாக ஒரு கூட்டத்துக்கும் அனுப்பாதவள் என்று ஜில்லாவில் அவளுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு. படத்தில் தோளில் பச்சைச் சால்வையோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பேனா மூடியிருந்தது. நிஜக் கையெழுத்தைப் போட்டோகிராபர் தவறவிட்டதால் மறுபடி போட்டது அது.

பின்னால் கைதட்டும் கைகள். ‘பெருந்திரளான சமூக உறுப்பினர்கள்’ என்று கீழே அச்சிட்டிருந்தது. கைகள் மட்டும் தெரிகிற மாதிரி படத்தை வெட்டியிருந்தார்கள், ஏனென்றால் தலைகளில் ரெட்டைச் சடையும் ரிப்பனும் இருந்தன. கூட்டம் காலை பதினொரு மணிக்கு. அந்த நேரத்தில் நாரைவயலில் கையும் காலும் நன்றாக இருக்கிற அத்தனை பேரும் வயலில் நிற்பார்கள். நாற்காலி காலியாகக் கிடந்தால் ஊருக்கு மரியாதை இல்லை என்று அழகுநாச்சி தலைமையாசிரியையிடம் பேசி ஆறாவதிலிருந்து எட்டாவது வரை கூட்டிவந்து உட்காரவைத்தாள். பிள்ளைகள் தட்டச் சொன்னபோதெல்லாம் கைதட்டின. சொல்லாதபோதும் தட்டின.

ஒப்பந்தம் பூமிக்கரம் அறக்கட்டளையோடு. பல நாடுகளில் கிளை உள்ள அமைப்பு. கல்வி, கூட்டாண்மை, உள்ளூர் மக்களே முன்னின்று நடத்தும் வளர்ச்சி என்பது அதன் கொள்கை. எந்தத் திசையில் முன்னின்று நடத்த வேண்டும் என்பதை மட்டும் தலைமையகம் சொல்லிவிடும்.

அறக்கட்டளை நாரைவயலைத் தேடிவந்ததற்குக் காரணம் இருந்தது. ஊர்க் கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் ஐப்பசி பிறந்தால் நத்தைகுத்தி நாரைகள் வந்து இறங்கும். கூடு கட்டி, குஞ்சு பொரித்து, பங்குனியில் கிளம்பிப் போகும். அதற்காக ஊரில் யாரும் வெடி வெடிப்பதில்லை. தீபாவளிக்கும் இல்லை, கோயில் திருவிழாவுக்கும் இல்லை, சாவுக்கும் இல்லை. ஏன் என்று கேட்டால் ‘வெடிச்சா அது பயந்துரும்ல’ என்பார்கள். அவ்வளவுதான் தத்துவம். கூட்டிலிருந்து குஞ்சு விழுந்தால் பார்த்தவர் எடுத்து ஒரு கூடையில் போட்டு மரத்தில் கட்டிவிட்டுத் தன் ஜோலியைப் பார்க்கப் போவார். அதற்கு யாரும் பெயர் வைத்திருக்கவில்லை. அறக்கட்டளை வந்து வைத்தது. பெயர் வைத்தபிறகு பயிற்சி தேவைப்பட்டது.

‘பறவைகளோடு இணைந்து வாழ்வது எப்படி’ என்று மூன்று நாள் வகுப்பு. நடத்த வந்தவர் தலையில் முதல் நாளே நாரை எச்சம் போட்டது. மீதி இரண்டு நாளும் அவர் குடை பிடித்துக்கொண்டு இணைந்து வாழ்ந்தார். வகுப்பு முடிந்ததும் எல்லோருக்கும் சான்றிதழ். அழகுநாச்சிக்குக் கொழுந்தன் முறையாகிற பெரியகருப்பன் தன்னுடையதைச் சட்டம் போட்டு மாட்டுக்கொட்டகையில் மாட்டினார். “மாடு தெனம் பாக்குது மதினி. அதுவும் தெரிஞ்சிக்கிரட்டும்” என்றார்.

அடுத்ததாக வந்ததுதான் இணைச்செவி.

மரத்துக்கு மரம் கட்டைவிரல் அளவில் மைக். சூரிய வெளிச்சத்தில் ஓடும், பச்சை விளக்கு எரியும். கரையில் ஒரு பெட்டி, அதில் ஒரு திரை. பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஜெரால்டு என்று நாகர்கோவில்காரப் பொறியாளர் ஒருவர் வந்து தங்கினார். சாயங்காலம் உரக்கடைக்கு டீ குடிக்க வருவார்.

“தம்பி, நெசமாவே அது பேசுறது ஒங்களுக்குப் புரியுமா?” என்று அழகுநாச்சி கேட்டாள்.

“பேச்சுன்னு சொல்ல முடியாதுக்கா. பசி, பயம், சண்டை, சம்மதம், மறுப்பு. இந்த அஞ்சும் சுத்தமா புரியும். நம்ம வீட்டுல மட்டும் அதுக்கு மேல என்ன பேசிட்டோம்?”

“கேள்வி கேக்குறது எப்படி?”

“கேள்விய நடத்திக் காட்டணும். மடை தெறந்து தண்ணி ஓடுற சத்தத்த ஸ்பீக்கர்ல போடுவோம். கண்மா எறங்கப் போகுதுன்னு அதுகளுக்குத் தெரியும். வேண்டாம்னா மரமே கத்தும். சரின்னா பேசாம இருக்கும்.”

“கத்தலேன்னா சம்மதமா?”

“மனுசக் கூட்டத்துலயும் அப்படித்தானேக்கா எழுதிக்கிறோம்.”

அழகுநாச்சி சிரித்தாள். எத்தனை கிராம சபைத் தீர்மானங்கள் அப்படி எழுதப்பட்டவை என்று அவளுக்குத் தெரியும்.

அறக்கட்டளையின் கூட்டாண்மை இயக்குநர் அபர்ணா சென்னையிலிருந்து வரும்போதெல்லாம் கைத்தறிச் சேலையில் வருவார். தரையில்தான் உட்காருவேன் என்பார். அதற்கென்று ஒரு மெத்தை காரிலேயே வரும். “இவ்வளவு நாளும் பறவைகளுக்காக நாம பேசினோம். இனிமே அவங்களே பேசுவாங்க. நாம கேட்போம். கேட்கிறதுதான் உண்மையான கல்வி” என்று அவர் ஒரு மணி நேரம் பேசினார். யாரும் குறுக்கே பேசவில்லை. சம்மதம் என்று குறித்துக்கொண்டார்கள்.

ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருந்தது. கண்மாய்த் தண்ணீர் பற்றிய எந்த முடிவையும் ‘அனைத்துயிர் அவை’ கூடிப் பெரும்பான்மைப்படி எடுக்க வேண்டும். மனுசர் ஓட்டு நானூற்றுச் சொச்சம். பறவைகள் பத்தாயிரத்துக்குக் குறையாது. அழகுநாச்சி அந்தப் பிரிவைப் படிக்காமல் இல்லை. கடைக்கு வரும் ஏஜென்சி ஒப்பந்தங்களில் இப்படிப் பல பிரிவுகளை அவள் பார்த்திருக்கிறாள், எதையும் யாரும் பயன்படுத்தியதில்லை. அதோடு அறக்கட்டளை அவளை அந்த வருடத்தின் ‘சமூகத் தலைமை விருது’க்குத் தேர்ந்தெடுத்திருந்தது. மாசி மாதம் சுவிட்சர்லாந்தில் விழா. பாஸ்போர்ட் வந்துவிட்டது. காரைக்குடியில் போய் ஊதா நிறத்தில் ஒரு ஸ்வெட்டரும் வாங்கிவைத்துவிட்டாள்.

அந்த வருடம் கார்த்திகையோடு மழை நின்றுபோனது. தை பிறந்தபோது நாரைவயலின் நெல் கதிர் பால் பிடித்து நின்றது. இன்னும் ஒரு தண்ணீர் கட்டினால் வீட்டுக்கு வரும், கட்டாவிட்டால் பதராகும். கண்மாயில் தண்ணீர் கிடந்தது. மடையின் ஷட்டர் சாவி அனைத்துயிர் அவையிடம் இருந்தது.

அவை கூடியது, பதினொரு மணிக்கு. ஜெரால்டு மடைச் சத்தத்தைப் போட்டார். மரங்கள் கத்திய கத்தலில் பெட்டியின் திரை சிவந்தது. மறுப்பு. ஒரு வாரம் கழித்து மறுபடி கூடியது. மறுபடி சிவப்பு.

“மதினி, நாரைகிட்ட மனுக் குடுக்கணும்னா எந்த பாஷையில எழுதணும்?” என்று பெரியகருப்பன் கடையில் நாலு பேர் முன்னால் கேட்டார்.

“நக்கலுக்கு நேரமா கொழுந்தனாரே?”

“நக்கலா? என் வயலு வெடிச்சுக் கெடக்கு. உள்ள கைய விட்டா முழங்கை வரைக்கும் போகுது. ஒங்களுக்கென்ன, நீங்க ஸ்வெட்டரப் போட்டுக்கிட்டுப் பிளேன் ஏறிருவீக.”

அவளுடைய இரண்டு ஏக்கரும் அவர் வயலுக்குப் பக்கத்தில்தான் காய்ந்துகொண்டிருந்தது. அதை அவர் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஊரில் பேச்சு மாறியது. நாரைகளுக்குப் பிள்ளைகள் ‘கவுன்சிலர்’ என்று பெயர் வைத்தார்கள். சட்டையில் எச்சம் விழுந்தால் ‘எதிர்க்கட்சிக்காரன் கையெழுத்துப் போட்டுட்டான்’ என்றார்கள். ஒரு நாள் கரையில் ஒரு குஞ்சு விழுந்து கிடந்தது. பெரியகருப்பன் அதைத் தாண்டிப் போனார். “ஓட்டுப் போடத் தெரியுதுல்ல, மரமேறவும் தெரியும்” என்றார். பின்னால் வந்த அழகுநாச்சி குனிந்து பார்த்தாள். அபர்ணாவிடமிருந்து போன் வந்துகொண்டிருந்தது. ஜெரால்டுக்கு ஆள் அனுப்பிவிட்டுப் போனை எடுத்தாள். ஜெரால்டு கூடையோடு வருவதற்குள் எறும்பு வந்துவிட்டது.

மூன்றாவது கூட்டத்துக்கு முந்தின நாள் சேதுராசு ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜைமேல் வைத்தார். உள்ளே ஐந்து குழி, குழிக்கு ஒன்றாக ஐந்து அணுகுண்டு வெடி. நாரைவயல் வீட்டுக்குள் வெடி வந்தது அதுதான் முதல் தடவை. இரண்டு பேரும் அதைக் கொஞ்ச நேரம் விருந்தாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கூட்டத்துக்குக் கொஞ்சம் முன்னாடி ஒண்ணே ஒண்ணு. மரமெல்லாம் காலியாயிரும். ஆளில்லாத எடத்துல சத்தமேது? சத்தமில்லேன்னா சம்மதம். அவுக சட்டந்தான் நாச்சி.”

“நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்.”

“நெல்லு வேணுமா வேணாமா?”

“ஊர்ல ஒருத்தன் இதுவரைக்கும் வச்சதில்ல. மொதல் வெடிய தலைவரு வீட்டுலயே வக்கிறதா?”

“அதனாலதான் சொல்றேன். வேற எவன் வச்சாலும் நீ கேள்வி கேக்கணும். நீ வச்சா யாரு கேப்பா?”

அவள் பெட்டியை மூடினாள். மறுநாள் கிளம்பும்போது திறந்து ஒன்றை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். தீப்பெட்டியை எடுக்க அடுப்படிக்குப் போனபோது சேதுராசு பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

கூட்டத்துக்குப் போட்ட பந்தல் கரையின் மேற்குக் கோடியில். அவள் கிழக்குக் கோடிக்கு நடந்தாள். அங்கே மரங்கள் நெருக்கமாக நிற்கும். வெயில் ஏறியிருந்தது. தூரத்தில் ஒலிபெருக்கியில் ஜெரால்டு ‘ஒன், டூ, த்ரீ’ சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்துக்கே மரங்கள் கத்தின.

வெடியைக் கையில் எடுத்துக்கொண்டு, எங்கே வைக்கலாம் என்று அண்ணாந்து பார்த்தாள்.

கூட்டுக்குக் கூடு வாய்கள். சாம்பல் பொதியாய், சிறகு முளைத்தும் முளைக்காமலும், வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்த குஞ்சுகள். பெரிய நாரை ஒன்றுகூட இல்லை. ஒரு லாரி ஹாரன் அடித்தது, கத்தின. அவள் தும்மினாள், அதற்கும் கத்தின.

அழகுநாச்சிக்கு அந்தக் கூட்டத்தை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கே என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. அவளே கூட்டிவந்து உட்காரவைத்த கூட்டம்தான். ரிப்பன் மட்டும்தான் குறை. கையும் காலும் நன்றாக இருப்பவர்கள் எல்லாம் இந்த நேரத்தில் எங்கே இருப்பார்கள்? கிழக்கே திரும்பினாள். கடைமடைப் பக்கம், இன்னும் ஈரம் மிச்சமிருந்த சேற்று வயல்களில், வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் குனிந்து நத்தை பொறுக்கிக்கொண்டிருந்தன.

வெடியைக் கைப்பைக்குள் போட்டாள். வைத்திருந்தால் பறக்கத் தெரிந்த ஒன்றும் அங்கே இல்லை. பறக்கத் தெரியாதவைதான் விழுந்திருக்கும்.

பந்தலில் அபர்ணா மெத்தையில் உட்கார்ந்திருந்தார். விஷயம் மூன்றாம் தடவை ஓட்டுக்கு வருகிறது என்பதால் வயலை விட்டுவிட்டு ஊரே வந்திருந்தது. சேதுராசு மட்டும் காதைப் பொத்துவதற்குத் தயாராகக் கடைசியில் நின்றார்.

“மேடம், ஓட்டெடுப்பை நிறுத்துங்க,” என்றாள் அழகுநாச்சி. “மரத்துல இருக்குறது பூராம் சின்னப்பிள்ளைக. பெரியவுக எல்லாம் வேலைக்குப் போயிருக்காக.”

அபர்ணா ஜெரால்டைப் பார்த்தார்.

“அக்கா சொல்றது சரிதான் மேடம்,” என்றார் ஜெரால்டு மெதுவாக. “வளர்ந்த நத்தைகுத்தி கத்தாதுன்னு ரெண்டாவது கூட்டத்துலதான் எனக்கும் தெரிஞ்சுது. மூக்கத்தான் தட்டும். மூக்குச் சத்தம் கம்மியா இருக்குதுன்னு நானும் குறிச்சு அனுப்பினேன். கூட்ட நேரத்த மாத்தலாமான்னு கேட்டேன். பதினொரு மணிதான் தலைமையகத்துக்கு வசதின்னு பதில் வந்துது. அங்க ஆபீஸ் தெறக்குறதுக்குள்ள முடிவு போய்ச் சேரணுமாம்.”

“ஆனா இதை நாம வேற மாதிரிப் பார்க்கலாம்,” என்றார் அபர்ணா. அவர் தடுமாறி யாரும் பார்த்ததில்லை. “இது இளைய தலைமுறையின் பங்கேற்பு. எதிர்காலத்தின் குரல். இது இன்னும் பெரிய விஷயம் இல்லையா?”

“அதுகளுக்கு எதைக் கேட்டாலும் பசிதான் மேடம். பதினெட்டு வயசு ஆகாதவுக ஓட்டு செல்லாதுன்னு மனுசருக்குச் சட்டமிருக்கு. நாரைக்கும் அப்படி ஒண்ணு வேணும்ல?”

அபர்ணா எழுந்து அவள் அருகே வந்தார். குரலைத் தாழ்த்தினார். அதில் மிரட்டல் இல்லை, நிஜமான அக்கறைதான் இருந்தது. “தலைவரே, யோசிச்சுப் பேசுங்க. சின்னவங்க சம்மதம் செல்லாதுன்னு பதிவாச்சுன்னா, ஒப்பந்தத்துக்குக் கைதட்டினது யாருன்னு தணிக்கையில கேப்பாங்க. எங்கிட்ட வெட்டாத படம் இருக்கு. உங்க விருதே அந்தக் கூட்டத்துக்காகத்தான்.”

அழகுநாச்சி கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். சம்மதம் என்று குறிக்க அபர்ணாவின் உதவியாளர் டேப்லெட்டை எடுத்தார்.

“குறிக்காதீங்க,” என்றாள் அவள். பிறகு ஊரைப் பார்த்துத் திரும்பினாள். பக்கத்திலிருந்த மைக்கை எடுத்துக்கொண்டாள். எதற்கும் கேட்கட்டும் என்று. “ஒப்பந்தத்துக்குக் கைதட்டினதும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகதான். நாற்காலி காலியா இருக்கக்கூடாதுன்னு நாந்தான் கூட்டியாந்தேன். இது செல்லாதுன்னா அதுவும் செல்லாது. ரெண்டையும் சேத்தே எழுதிக்கங்க.”



“அது எங்களுக்குத் தெரியாதாக்கும்?” என்றார் பெரியகருப்பன். “என் மக ரெண்டு பொட்டணம் சாப்பாடு கொண்டாந்தா. உப்புப் பத்தல.”

சிரிப்பு அடங்க நேரமானது. அழகுநாச்சியும் சிரித்தாள். சுவிட்சர்லாந்து அந்தச் சிரிப்போடு போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

ஒப்பந்தத்தை ரத்து செய்வது பல மாத வேலை, நெல்லுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அதனால் மறு ஓட்டெடுப்பு ஒன்றுக்கு அபர்ணா ஒப்புக்கொண்டார். விடியற்காலையில், கடைமடை வயலில். பனி விழுந்துகொண்டிருந்தது. அழகுநாச்சி ஊதா ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வரப்பில் நின்றாள். “பிளேன் இங்கனயே எறங்கிருச்சா மதினி?” என்றார் பெரியகருப்பன்.

ஜெரால்டு ஒலிபெருக்கியை வயலின் தலைமாட்டில் வைத்து மடைச் சத்தத்தைப் போட்டார். நாரைகள் ஒவ்வொன்றாகத் தலையைத் தூக்கின. கத்தவில்லை. கூலி கொடுக்கும் இடத்துக்கு நடப்பவர்களைப் போல அவசரமில்லாமல், ஆனால் ஒன்றுகூட விடாமல், ஒலிபெருக்கியை நோக்கி நடந்து வந்தன. அதைச் சுற்றி நின்று, வராத தண்ணீருக்காகத் தரையைப் பார்த்தன. ஒரு நாரை மூக்கைத் தட்டியது, பிறகு இன்னொன்று. திரை பச்சையானது.

“வயல்ல தண்ணி நின்னாத்தானக்கா நத்தை,” என்றார் ஜெரால்டு. “நீங்களும் அதுகளும் ஒரே கட்சிதான். தப்பான வீட்டுல போய்க் கேட்டுருக்கோம்.”

அன்று மத்தியானம் மடை திறந்தது. நெல் வந்தது, முழுசாக இல்லை, முக்கால்வாசி. அறக்கட்டளை நாரைவயலை ‘பங்கேற்பில் முதிர்ச்சி அடைந்த ஊர்’ என்று அறிவித்து, மரத்திலிருந்த மைக்குகளைக் கழற்றிக்கொண்டு, முதிர்ச்சி அடையாத வேறு ஊருக்குப் போனது. விருது அந்த வருடம் வேறு நாட்டில் ஒருவருக்குப் போனது. அழகுநாச்சி கைப்பையில் இருந்த வெடியை எடுத்துப் பெட்டியில் அதன் குழியில் வைத்து, பெட்டியைப் பரணில் போட்டாள். ஐந்து குழியும் நிறைந்திருந்தது.

ஐப்பசி வந்தது. நாரைகளும் வந்தன. பிள்ளைகள் ‘கவுன்சிலர் வந்தாச்சு’ என்று கத்திக்கொண்டு ஓடினார்கள்.

தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்து, பலகாரம் பகிர்ந்து முடிந்ததும் அழகுநாச்சிக்குப் பரணின் நினைவு வந்தது. வீட்டில் அது எதற்கு, கிணற்றில் போட்டுவிடலாம் என்று இறக்கித் திறந்தாள். ஒரு குழி காலியாக இருந்தது.

“என்னங்க, இதுல ஒண்ண எடுத்தீகளா?”

சேதுராசு எட்டிப் பார்த்தார். “நான் எதுக்கு எடுக்கப் போறேன்? நீதான் எடுத்தேன்னு நெனச்சேன்.”

“எப்பப் பாத்தீக?”

“போன மாசம்.”

“சொல்லல?”

“நீயும் சொல்லலையே.”

பொழுது சாயும் நேரத்தில் அவள் வாசலுக்கு வந்தாள். நாரைகள் வரிசை வரிசையாகக் கண்மாய்க்குத் திரும்பிக்கொண்டிருந்தன. எதிர்வீட்டு வாசலில் பெரியகருப்பன் நின்றார். அவருக்கு அடுத்த வீட்டிலும் ஆள் நின்றது. தெரு முழுக்க வாசலுக்கு ஒருவராக நின்றுகொண்டிருந்தார்கள். பரணில் வெடி இருக்கிற சேதி எப்போதோ தெருவுக்குப் போய்விட்டிருந்தது.

“என்ன மதினி, யாரும் வாராகளா?”

“இல்ல. நீங்க?”

“சும்மா. காத்து வாங்க.”

காற்று இல்லை. நாரைவயலில் எத்தனையோ தீபாவளி வெடியில்லாமல் போயிருக்கிறது. வெடிக்கவில்லை என்பதை வாசலில் நின்று காதுகொடுத்துக் கேட்டவர் அதற்குமுன் யாருமில்லை.

கண்மாயின் கிழக்குக் கோடி மரம் ஒன்றில் ஜெரால்டு கழற்ற மறந்த மைக் ஒன்று இன்னும் இருந்தது. அதன் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஊரிலிருந்து ஒரு சத்தமும் வராததால் சம்மதம், சம்மதம் என்று அது பதிவு செய்துகொண்டிருந்தது.